இந்த ஊருக்கும் ஒரு மலர் போடுங்கள்

லண்டனில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகக் குழுக்களுக்கு

அன்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களைத் தவறாமல் வாங்கி வைப்பவன் நான். வாழ்த்துச் செய்திகளையும் நகைக்கடை விளம்பரங்களையும் தாண்டிப் போனால் அவற்றில் நல்ல கட்டுரைகள் கிடைக்கும். ஊர்க் குளத்தை யார் வெட்டினார்கள், வாசிகசாலைக்குக் காணி யார் கொடுத்தார்கள், அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் எந்தப் பிரம்பால் அடிப்பார் என்பதெல்லாம் இருக்கும். போரில் வீடும் பத்திரமும் போன எத்தனையோ ஊர்களுக்கு இனி அந்த மலர்கள்தான் சாட்சி. அதற்காக இரவிரவாகப் புரூஃப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த மலர்களுக்கான கூட்டங்கள் நடப்பது ஈஸ்ட் ஹாமில், ஹரோவில், டூட்டிங்கில். எழுதுபவர்களில் பலர் ஊரில் இருந்ததைவிடக் கூடுதலான காலம் இங்கே இருந்துவிட்டார்கள். ஆனாலும் இந்த ஊர்களைப் பற்றி அவற்றில் ஒரு பக்கம் கிடையாது. விழா மண்டபத்தின் முகவரி மட்டும் இருக்கும். அதுவும் கார் விட இடம் உண்டா இல்லையா என்று சொல்வதற்கு.

தமிழ்ப் பாடசாலைக்காரருக்குத் தனியாக ஒன்று. உங்கள் கட்டுரைப் போட்டிகளில் 'எனது கிராமம்' என்ற தலைப்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. நியூஹாம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை, "எனது கிராமத்தில் வயல்வெளிகளும் குளங்களும் நிறைந்துள்ளன" என்று எழுதி முதற்பரிசு வாங்குகிறது. அம்மா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை பாடமாக்கியிருக்கிறது என்பது நடுவர்களுக்கும் தெரியும். அந்தப் பிள்ளையிடம் வகுப்பு நடக்கும் கட்டடம் எப்போது கட்டியது என்று கேட்டால் முழிக்கும். ஆசிரியரும் சேர்ந்து முழிப்பார்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த மலரில் பாதியை நாம் வாழும் இந்த ஊருக்குக் கொடுங்கள். நமக்கு முன்னால் இங்கே இருந்தவர்களின் கதையும் வேண்டும், நாம் வந்து சேர்ந்த கதையும் வேண்டும். சேர்ப்பதில் ஒரு பிரதி உங்கள் அலமாரியோடு நின்றுவிடாமல் இந்த ஊரின் ஆவணக் காப்பகத்துக்கும் போகட்டும்.

எனக்குத் தெரிந்தது ஈஸ்ட் ஹாம். அதை வைத்தே பேசுகிறேன். ஹரோக்காரர் ஹரோவை வைத்து யோசித்துக்கொள்ளட்டும்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சனிக்கிழமை பின்னேரம் நடந்தால் முருங்கைக்காய், மண்சட்டி, கொத்து ரொட்டித் தட்டும் சத்தம், தங்கச் சங்கிலி விலை எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். நாங்கள் வந்துதான் இந்த இடம் ஒரு இடமாக ஆனது என்று நம்மவர் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சரி, கடைகளைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த இடம் தோட்டக் காணி. உருளைக்கிழங்கும் கோவாவும் வெங்காயமும் இங்கே விளைந்து லண்டன் சந்தைக்குப் போயின. கிழங்கு கிண்ட அயர்லாந்திலிருந்து ஆட்கள் பருவத்துக்குப் பருவம் வந்தார்கள். நம் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரரைக் கொண்டுவந்து விட்டிருந்தால் மறுநாளே மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்.

1858இல் ரயில் நிலையம் வந்தது. உடனே ஊர் மாறிவிடவில்லை. மாறத் தொடங்கியபோதோ நிறுத்த முடியவில்லை. 1891 கணக்கெடுப்பில் 32 ஆயிரம் சொச்சமாக இருந்த சனத்தொகை 1901இல் 96 ஆயிரம். பத்தே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்போது வந்தவர்களும் வெளியூர்க்காரர்தான்: எசெக்ஸ் கிராமங்களிலிருந்து, அயர்லாந்திலிருந்து, நெரிசல் தாங்காமல் லண்டனின் உட்பகுதிகளிலிருந்து வந்த குமாஸ்தாக்கள், துறைமுகத் தொழிலாளர், ரயில்வேக்காரர். அவர்களுக்காக வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். 1903இல் சிவப்புச் செங்கல்லில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு டவுன் ஹால் எழுந்தது. நாம் வங்கிக் கடனில் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் கட்டியவை.

உங்கள் வீட்டையே ஒருமுறை பாருங்கள். முன்னறையில் வெளியே பிதுங்கிய ஜன்னல், ஒருவர் மட்டும் போகக்கூடிய நடை, அறைக்கு அறை அடைத்து வைத்த கணப்படுப்பு, பின்வளவில் செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கொட்டில். அந்தக் கொட்டில்தான் கக்கூசாக இருந்தது. இப்போது பழைய சைக்கிளும் மண்வெட்டியும் கிடக்கின்றன. அடைத்த கணப்படுப்பின் மேல்தட்டு நம் வீடுகள் பலவற்றில் சாமித்தட்டு. நிலக்கரிப் புகை மேலே போன இடத்தில் இப்போது ஊதுபத்திப் புகை.

என் வீட்டில் மேல்மாடி அறைக்குப் புதுத் தரை போடக் கம்பளத்தைக் கிளப்பியபோது கீழே லினோலியம் இருந்தது. அதற்கும் கீழே பலகையின் மேல் விரித்த பழைய செய்தித்தாள். ஒரு மூலையில் உதைபந்தாட்ட முடிவுகள். வெஸ்ட் ஹாம் தோற்றிருந்தது. தரை போட வந்த தம்பி அத்தனையையும் கறுப்புப் பையில் திணித்துக் கட்டிவிட்டார். பையை அவிழ்த்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். "அண்ணை, அது பூச்சி அரிச்ச பேப்பர்" என்றார். பூச்சி அரித்த பேப்பர்தான். ஆனால் அதை விரித்தவர் யாரென்று தேட வழி இருக்கிறது. 1911, 1921 கணக்கெடுப்புகளும், போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடும் இப்போது இணையத்தில் முகவரி போட்டுத் தேடும்படி கிடைக்கின்றன. உங்கள் கதவு இலக்கத்தைக் கொடுத்தால் அந்த ஆண்டு அதே வீட்டில் இருந்தவர்களின் பெயரும் தொழிலும் வரும். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஒப்படை என்ன? தமிழிலேயே எழுதட்டும்: 'எங்கள் வீட்டில் நூறு ஆண்டுக்கு முன் இருந்தவர்கள்'.

முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள தெருப் பெயர்களைப் பற்றி யாரும் பிள்ளைகளுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பிரவுனிங், ஷெல்லி, பைரன், வேர்ட்ஸ்வர்த், கோல்ரிட்ஜ், மில்டன், ஷேக்ஸ்பியர் என்று ஆங்கிலக் கவிகள் எல்லோரும் அங்கே தெருவாகக் கிடக்கிறார்கள். "ஷெல்லியில ஒரு வீடு விலைக்கு வருதாம்" என்று நம்மவர் பேசுவதைக் கேட்டால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். கம்பன் குறுக்குத் தெருவில் பார்க்கிங் இல்லை என்று யாராவது ஒரு நாள் சொல்லக் கேட்க ஆசை.

பிளாஷட் குரோவில் இருக்கும் பழைய நூலகக் கட்டடத்தை உங்களில் பலருக்கு வேறு காரணத்தால் தெரியும். அங்கேதான் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்தீர்கள், பெற்றோரின் இறப்பையும் பதிந்தீர்கள். 1890களின் இறுதியில் பத்திரிகை முதலாளி பாஸ்மோர் எட்வர்ட்ஸின் பணத்தில் பொதுமக்களுக்கு நூலகமாகக் கட்டியது அது. அதே பிளாஷட்டில் 1809 முதல் 1829 வரை இருந்தவர் எலிசபெத் ஃப்ரை. நியூகேட் சிறைக்குள் போய், குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்த பெண்களுக்குத் துணியும் படிப்பும் கொண்டுபோனவர். 2002இலிருந்து பல ஆண்டுகள் ஐந்து பவுண் தாளில் படமாக இருந்தவர். அந்தத் தாளை எத்தனை ஆயிரம் தடவை கல்லாப்பெட்டியில் எண்ணியிருப்போம்!

தெற்கே ஏ13 பெருந்தெருவுக்குப் பக்கத்தில் மேரி மக்தலேனா தேவாலயம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு நோர்மன் கட்டடம். இன்றும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது. அதைச் சுற்றிய இடுகாடு மரமும் முட்பற்றையுமாகக் காடாகிவிட்ட இடம். அந்தக் காட்டுக்குள் எங்கோ வில்லியம் ஸ்டக்லி புதைந்திருக்கிறார். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் கற்களை அளந்து வரைந்தவர், கோடையின் மிக நீண்ட பகலில் சூரியன் உதிக்கும் திசையோடு அவை பொருந்துவதைக் கவனித்தவர். நியூட்டனின் நண்பர். ஆப்பிள் பழம் விழுந்த கதையை நியூட்டன் வாயாலேயே கேட்டு எழுதி வைத்தவர் இவர்தான். 1765இல் இறந்தபோது தனக்குக் கல் எதுவும் நாட்டக் கூடாது என்று சொல்லி வைத்ததால் இடம் தெரியாமல் கிடக்கிறார். நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் அந்த ஆப்பிள், பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் கதை, நமக்கு என்ன என்று கேட்பவர் உங்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்காக ஒரு கண்டிக்காரரின் கதை.

இந்த ஊருக்குத் தெற்கே துறைமுகம் இருந்தது. ரோயல் விக்டோரியா 1855இல், ரோயல் அல்பர்ட் 1880இல், ஐந்தாம் ஜோர்ஜ் 1921இல் என்று மூன்று பெரிய கப்பல் துறைகள். இலங்கைத் தேயிலை உட்பட உலகச் சரக்கு வந்து இறங்கிய இடம். சரக்கோடு மாலுமிகளும் வந்தார்கள்: வங்காளிகள், சோமாலியர், மேற்கு ஆபிரிக்கர், கரிபியர். குறைந்த சம்பளத்துக்குக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்களுக்குக் கரையில் படுக்க இடம் கொடுக்க ஆளில்லை. நிறத்தைப் பார்த்துக் கதவை அடைத்தார்கள்.

1886இல் கண்டியில் ஒரு மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் கமால் சஞ்சி. முதல் உலகப் போரில் மிடில்செக்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து போரிட்டார். பின்னர் மெதடிஸ்தக் கிறிஸ்தவரானார். போர் முடிந்து கிழக்கு லண்டனுக்கு வந்தவர் இந்த மாலுமிகளின் நிலையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1926இல் கனிங் டவுனில் அவர்களுக்காக ஒரு நிலையம் திறந்தார். தங்கவும் கூடவும் கும்பிடவும் ஓரிடம். நத்தாருக்கு விருந்து, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும் சுற்றுலா எல்லாம் அவர் ஏற்பாடு. நாலே ஆண்டில், 1930இல், வீதி அகலிப்பதற்காக அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். பிறகு அதுபோல ஒரு கட்டடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 1953இல் இறக்கும் வரை வேலையை விடவில்லை.

2022இல் லண்டன் மேயரின் அலுவலகமான சிட்டி ஹால், ரோயல் விக்டோரியா துறைக் கரைக்கு இடம் மாறியது. அதன் முகவரியைப் பாருங்கள்: கமால் சஞ்சி வே. லண்டன் மாநகரின் கடிதமெல்லாம் ஒரு கண்டிக்காரரின் பெயருள்ள தெருவுக்குத்தான் போகிறது. நம் சங்க மலர் ஒன்றிலாவது அவர் பெயரைக் கண்டதில்லை. சிங்களவர் சங்கங்களின் மலர்களில் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. அங்கேயும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

காந்தி சார்லி சாப்ளினைச் சந்தித்தது கூட இந்தப் பக்கத்தில்தான். 1931 செப்டம்பரில், கனிங் டவுனில் ஓர் இந்திய மருத்துவரின் வீட்டில். சரி, அது பலருக்குத் தெரிந்த கதை.

அதிகம் பேருக்குத் தெரியாதது பெக்டன் எரிவாயு ஆலையின் கதை. 1870இல் எரிவாயு உற்பத்தி தொடங்கி ஐரோப்பாவிலேயே பெரிய ஆலையாக வளர்ந்தது. லண்டன் தெருவிளக்குகளுக்கும் அடுப்புகளுக்கும் இங்கிருந்து குழாயில் எரிவாயு போனது. உலைக்குக் கரி அள்ளிப் போடுபவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அவர்களில் ஒருவர் வில் தோர்ன். ஆறு வயதில் வேலைக்குப் போனவர், எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். 1889 மார்ச்சில் தோழர்களைக் கூட்டித் தொழிற்சங்கம் அமைத்தார். அந்தக் கோடையிலேயே, வேலைநிறுத்தம் செய்யாமலே, எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர்தான் அவருக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தார். பிறகு தோர்ன் நாடாளுமன்றத்துக்கே போய் 1906 முதல் 1945 வரை உறுப்பினராக இருந்தார். அவர் தொடங்கிய சங்கம் ஜிஎம்பி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

நூறு ஆண்டு கழித்து நம் பொடியன்கள் பெட்ரோல் நிலையங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்தான். பகலில் ஆங்கில வகுப்பு, இரவில் கல்லா. அந்த இரவுகளைப் பற்றியும் எந்த மலரிலும் எழுதவில்லை. வெட்கமா, அலுப்பா தெரியாது. வீடு வாங்கிய பிறகு யாரும் அதைப் பேசுவதில்லை.

ஆலை 1960களின் இறுதியில் வேலையை நிறுத்தியது. கழிவு குவிந்த மேடு மட்டும் மிஞ்சியது. அதற்கு ஊர்க்காரர் வைத்த பட்டப் பெயர் பெக்டன் ஆல்ப்ஸ். 1989இல் அதன் மேல் செயற்கைப் பனிச்சறுக்குத் தளம் போட்டு, இளவரசி டயானா வந்து திறந்து வைத்தார். 2001இல் அதுவும் மூடிவிட்டது. இப்போது பக்கத்து ரீட்டெயில் பார்க்குக்குத் தளபாடம் வாங்கப் போகிறவர்கள் அந்தப் புல்மேட்டைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மா இருந்தார். அவருடைய தகப்பன் துறைமுகத் தொழிலாளி. விடிய முன் துறைமுக வாசலில் போய்க் கூட்டமாக நிற்பார்களாம். மேற்பார்வைக்காரர் வந்து விரலைக் காட்டிக் கூப்பிடும் ஆளுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் மத்தியானம் மறுபடி வந்து நிற்க வேண்டும். அந்த முறை 1967இல்தான் ஒழிந்தது. தகப்பன் காலையிலேயே திரும்பி வந்தால் தாய் ஒன்றும் கேட்கமாட்டார், அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை மட்டும் ஏற்றுவார் என்று அவர் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லுவார். 1940 செப்டம்பர் 7ஆம் திகதி ஜெர்மன் விமானங்கள் துறைமுகத்தைக் குண்டு போட்டுக் கொளுத்தின. வீடிழந்தவர்களைக் கனிங் டவுனில் சவுத் ஹால்ஸ்வில் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அங்கிருந்து ஏற்றிப் போக பஸ் வரும் என்று சொன்னார்கள். வரவில்லை. கனிங் டவுன் என்பதைக் கேம்டன் டவுன் என்று மாறிக் கேட்டு பஸ்களை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. 10ஆம் திகதி அதிகாலை பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் 77 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. "எழுபத்தேழா? எங்கள் தெருக் கணக்கே அதற்குக் கிட்ட வரும்" என்று அந்த அம்மா கையை வீசுவார். நூற்றுக்கணக்கானோர் என்றுதான் ஊர் இன்றும் நம்புகிறது. தஞ்சம் புகுந்த பள்ளிக்கூடம், அதன் மேல் விழுந்த குண்டு, அரசாங்கத்துக்கு ஓர் எண், ஊருக்கு வேறோர் எண். 1995இல் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்த நவாலித் தேவாலயத்தை அறிந்த ஒருவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மா அதை எனக்குச் சொன்னதும், நான் அவருக்கு நவாலியைச் சொன்னதும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான். அவர் போய்விட்டார். அவர் குரலை யாரும் பதிவு செய்து வைத்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கு நாம் இரவு பத்து மணிக்கும் பயமில்லாமல் நடக்கும் தெரு எப்படி அப்படி ஆனது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1980 ஜூலையில் இதே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், அக்தர் அலி பெய்க் என்ற பாகிஸ்தானிய இளைஞரை வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. ஆசிய இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். தாக்கப்பட்டவர்களுக்கு உதவ நியூஹாம் மொனிட்டரிங் புரொஜெக்ட் என்ற அமைப்பு உருவானது. நம்மில் பெரும்பாலோர் வந்தது 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு. அவர்கள் போட்டு வைத்த பாதையில்தான் வந்தோம். அப்போதும் ஆபத்து முடிந்திருக்கவில்லை. 1991 கடைசியில் இந்தப் பகுதியில் ஓர் ஈழத்து அகதி இளைஞரை அடித்துப் போட்டார்கள். புத்தாண்டு பிறந்து சில நாளில் அவர் இறந்தார். போரிலிருந்து தப்பி வந்தவர். அவருடைய நினைவு நாளை எந்தச் சங்கம் வைக்கிறது?

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பழைய ஆட்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். கைத்தொலைபேசி போதும். சின்ன அறையாகப் பார்த்து, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்காத இடத்தில் இருத்துங்கள். மேடையில் ஏற்ற வேண்டாம். மைக்கைக் கண்டால் நம்மவர் 'பேரன்புமிக்க பெரியோர்களே' என்று தொடங்கிவிடுவார்கள். 'புலம்பெயர் வாழ்வில் உங்கள் அனுபவம் என்ன' என்று கேட்டால் அதே மாதிரிப் பதில்தான் வரும். வந்த முதல் இரவு எங்கே படுத்தீர்கள், அந்த அறையில் யார் சமைத்தது, குளிக்கும் முறை எப்படிப் போட்டீர்கள், ஊருக்கு முதல் தொலைபேசி எடுத்த பெட்டி எந்தச் சந்தியில் இருந்தது என்று கேளுங்கள். பதில்கள் வேறு மாதிரி வரும். நான் ஒரு அக்காவிடம் குளிர்கால மேலங்கி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார்: வாங்கிய சந்தை, அதைப் போட்டுக்கொண்டு முதல்தரம் கோயிலுக்குப் போனபோது அதைக் கழற்றி வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சாமி சுற்றியது, பிறகு அதே அங்கியை அடுத்தடுத்து வந்த பெண்கள் வாங்கிப் போட்டது. அந்த அங்கி இப்போதும் அவரிடம் இருக்கிறது.

பேசுபவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்: யார் கேட்கலாம், எப்போது முதல் கேட்கலாம் என்று. அகதி வழக்கில் சொன்னதும் வீட்டில் சொன்னதும் ஒத்துப்போகாதவர்கள் இருப்பார்கள். இருபது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் பேசுவார்கள்.

அடுத்தது தாள்கள். சங்கம் ஒன்று மண்டபம் மாறியபோது பதினைந்து இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் குப்பைக்குப் போட்டது. பெயர் வேண்டாம், வேறு சங்கங்களும் இப்படிச் செய்திருக்கும். வீடியோக் கடையின் வாடகைக் கொப்பி, தேர்த் திருவிழா நோட்டீஸ், சீட்டுக் கணக்கு, பொலின் திரையரங்கில் தமிழ்ப் படம் ஓடிய காலத்து டிக்கெட், உள்துறை அமைச்சின் கடிதம், பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்பிய கசெட் எல்லாம் இந்த ஊர் வரலாறு. படங்களுக்குப் பின்னால் பென்சிலால் பெயரும் ஆண்டும் இடமும் எழுதி வையுங்கள். பேனாவால் வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

இவற்றின் பிரதியை ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் நகராட்சியின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? சங்கங்கள் இரண்டாக உடையும், தலைவர் மாறுவார், கராஜில் தண்ணீர் ஏறும். காப்பகத்தில் இலக்கம் போட்டு வைப்பார்கள். நாளைக்கு இந்த ஊரின் வரலாற்றை எழுத உட்காரும் யாரோ ஒருவர் எரிவாயு ஆலைப் படத்துக்குப் பக்கத்து அலமாரியில் நம் பெட்டியையும் திறப்பார். தமிழிலேயே கொடுக்கலாம், ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கிலத்தில் அரைப் பக்கச் சுருக்கம் வைத்தால் போதும். அந்த அரைப் பக்கத்தை உங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம்.

அப்புறம், உள்ளூர் முதியவர்களையும் உங்கள் விழாக்களுக்குக் கூப்பிடுங்கள். நகரசபை உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்த நேரம் இருக்கிறது, துறைமுகத்தில் வேலை செய்த ஒருவரை இருபது நிமிடம் பேசவிட நேரம் இருக்காதா? துறைமுகம் 1981இல் மூடியது. அங்கே பாரம் தூக்கியவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் இப்போது நன்றாகவே வயதானவர்கள். நம் முதல் தலைமுறைக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்திப் பாருங்கள். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளை ஒன்று போதும்.

செலவு என்று பார்த்தால் வர்ணப் பக்கங்களைக் கொஞ்சம் குறைத்தால் சரி. வாழ்த்துச் செய்திகளில் நாலைக் குறைத்தாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அவர்களிடமே ஈஸ்ட் ஹாமுக்கு வந்த கதையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோடை விடுமுறைக்கு முன் உங்கள் குழுக் கூட்டம் நடக்கும் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் இதை 'வேறு விடயங்கள்' என்ற கடைசி வரியில் போடாதீர்கள். அந்த வரி வரும்போது பாதிப் பேர் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பொருளாளர் அறிக்கைக்கு முன் போடுங்கள். பிள்ளைகளை மேரி மக்தலேனா தேவாலயத்துக்கும் சிட்டி ஹால் தெருவுக்கும் கூட்டிப் போக ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் நானும் வருகிறேன். பதிவு செய்யப் பழக்க வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள். அந்த மேலங்கி அக்கா முதல் ஆளாகப் பேசச் சம்மதித்திருக்கிறார், ஞாயிறு பின்னேரமாக இருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் மலர்களின் பழைய வாசகன்,
ஈஸ்ட் ஹாம்